நான் சுரண்டிய நட்சத்திரம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடியோ சீட்டாட்டமோ என்றால் இதற்குள் யாராவது திருத்தியிருப்பார்கள். எதைப் பார்த்தாலும் அதைச் சரிசெய்யத் தோன்றும், அதுதான் என் பழக்கம். சுவரில் படம் கோணலாகத் தொங்கினால் அந்த வீட்டுக் காப்பி எனக்குத் தொண்டையில் இறங்காது. ஒரு துக்க வீட்டில், கிடத்தியிருந்தவரின் நெற்றியில் விபூதிப்பட்டை ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதே என்று விரலை நீட்டிவிட்டேன். (அவருடைய மகன்கள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கும் ஒரு பாடை தயாராக இருந்தது.) இந்தப் பழக்கத்தால் நான் பட்ட அவமானங்கள் நிறைய. பெரும்பாலும் நஷ்டம் எனக்கு மட்டும்தான். ஒரே ஒரு தடவை நஷ்டம் இன்னொரு மனிதருக்குப் போய்ச் சேர்ந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிலோன் மலைநாட்டில், பதுளைக்கு ரயில் வராத காலம் அது. கடைத்தெருவில் என் தாய்மாமாவுக்கு ஜவுளிக்கடை. மாடியில் அவரே நடத்திய போட்டோ ஸ்டூடியோ. படம் எடுப்பது மாமா. எடுத்த கண்ணாடித் தட்டைச் சாய்வான சட்டத்தில் வைத்து, முகத்தின் குற்றங்குறைகளை நீக்குவது நான். அந்த வேலைக்கு ஸ்டூடியோவில் ‘டச்சிங்’ என்று பெயர். தட்டில் எல்லாம் தலைகீழாக இருக்கும். வெளிச்சம் கறுப்பாகவும் இருட்டு வெளுப்பாகவும் தெரியும். வெளுப்பாக ஓட்டை தெரிந்தால் கூர் பென்சிலால் அடைக்க வேண்டும். கறுப்பாகப் புள்ளி தெரிந்தால் சின்னக் கத்தியால் மெதுவாகச் சுரண்ட வேண்டும். பென்சில் வைத்ததைத் துடைத்துவிடலாம். கத்தி வைத்தது வைத்ததுதான்.

தோட்டங்களில் அம்மை கண்டு பிழைத்த முகங்கள் அப்போது நிறைய. கல்யாணத்துக்காகத் திருச்சிப் பக்கம் அனுப்பும் படங்களில் தழும்பு தெரியக்கூடாது என்பார்கள். நான் தழும்பை எடுத்தேன், மருவை எடுத்தேன், எடுக்கச் சொல்லாததையும் எடுத்தேன். ஒரு கங்காணியின் மீசை இடப்பக்கம் கொஞ்சம் தடித்திருந்தது. சமப்படுத்தினேன். பிறகு வலப்பக்கம் தடித்துத் தெரிந்தது. அதையும் சமப்படுத்தினேன். இப்படியே போய், படம் அவர் கைக்குப் போனபோது கங்காணிக்கு மீசையே இல்லை. “டேய், உன் கையில சாமி படத்தைக் குடுத்தா, கை நாலு இருக்குன்னு ரெண்டை எடுத்துருவ” என்றார் மாமா. நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது வயது இருபத்திரண்டு.

அந்தச் சமயத்தில்தான் வைத்திலிங்கம் ஐயா ஸ்டூடியோ படியேறி வந்தார். ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் பெரிய கிளாக்கர். ஐம்பது தாண்டியவர், குள்ளமான ஆள், மூக்கில் சீசா அடி மாதிரிக் கனத்த கண்ணாடி. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை விட்டுப்போன தொலைநோக்கி அவர் கைக்கு வந்திருந்தது. தோட்டத்து ஜனங்கள் அதைப் பீரங்கி என்றார்கள். ஐயா ஐந்து வருஷமாக அதில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தது போதாமல் இப்போது படம் எடுக்க வேண்டுமாம். அதற்கு மாமாவின் பெரிய போட்டோப் பெட்டி தேவைப்பட்டது.

“ஆகாசத்தைப் படம் எடுத்து என்னங்க செய்யப் போறீங்க?” என்று மாமா கேட்டார். (யாருக்கும் பெண் பார்க்க உதவாத படம் எதற்கு என்பது அவர் எண்ணம்.)

“சீமையில நட்சத்திரம் பாக்குறவங்களுக்குன்னு ஒரு சங்கம் இருக்குதுங்க. மாசாமாசம் பத்திரிகை போடுறாங்க. நல்ல படமா அனுப்புனா, எடுத்தவங்க பேரைச் சேத்துப் போடுவாங்க.” ஐயா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். “முப்பது வருஷமா, காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துல நின்னு மத்தவங்க பேரைத்தான் எழுதிக்கிட்டு இருக்கேன். எம்பேரை ஒருத்தனும் ஒரு எடத்துலயும் எழுதுனதில்ல. ஒரே ஒரு தடவை அச்சுல பாத்துட்டாப் போதுங்க. கண்ணு வேற மங்கிக்கிட்டு வருது. இன்னும் ரெண்டு வருஷம் தெரியும்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க.”

மாமாவுக்கு மனசு இளகிவிட்டது. பெட்டியைக் கொடுத்தார். பெட்டிக்கு ஏதும் ஆகிவிடக்கூடாதே என்று காவலுக்கு என்னையும் கூட அனுப்பினார். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

தோட்டத்தில் தேயிலைத்தூள் ஆக்கும் ஸ்டோருக்குப் பின்னால், செடி நடாத ஒரு மேட்டில் தொலைநோக்கி நின்றது. அதன் இரும்புப் பீடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் ஓயாமல் நகர்கின்றன. இரண்டு மணி நேரம் படம் பிடிக்க வேண்டுமானால் பெட்டியும் அவற்றோடு நகர வேண்டும். அதற்காகப் பீடத்தில் ஓர் அச்சு உண்டு. அந்த அச்சு வடக்கே துருவத்தைக் குறிவைத்து நின்றால், ஒரு திருகைத் திருப்பிக்கொண்டே இருந்தால் போதும். நட்சத்திரம் கண்ணாடியை விட்டுப் போகாது. சீமையில் துருவம் வானத்தில் நல்ல உயரத்தில் நிற்கும். பதுளையில் அது அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும். சீமைக்கென்று செய்த பீடம் அவ்வளவு தாழ மறுத்தது. ஸ்டோர் கொல்லரைப் பிடித்து இரும்பில் ஓர் ஆப்பு அடித்து, அதைப் பீடத்துக்கு அடியில் செருகி, ஐயா அச்சைச் சாய்த்திருந்தார். துருவ நட்சத்திரத்தைப் பார்த்துக் குறிவைக்கலாம் என்றால் அது வடக்கு மலைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. ஆகவே வேறு ஏதாவது நட்சத்திரத்தைக் கண்ணாடிக்குள் பிடித்து, அது எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்து, பீடத்தின் காலை மயிரிழை நகர்த்தி, திரும்பவும் பார்த்து, திரும்பவும் நகர்த்தி, ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாக உழைத்து அதை நிறுத்தியிருந்தார்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். முதல் நாள் சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தபோது ஐயா ஆபீசில் இருந்தார். மேட்டில் நான் கண்டது, கவிழ்ந்துகொண்டிருக்கும் ஒரு பீடம். அச்சு ஏறக்குறையப் படுத்துக் கிடந்தது. அடியில் ஏதோ இரும்புத் துண்டு மாட்டிக்கொண்டிருந்தது. பார்க்கவே பரிதாபமாக இருந்தது. துண்டைக் கல்லால் தட்டி வெளியே எடுத்தேன். பீடத்தை நிமிர்த்தினேன். நாலு பக்கமும் ஒற்றைக் கண்ணால் பார்த்து, திருகுகளை இறுக்கினேன். ஐயா ஏறி வந்ததும், வந்த இடத்தில் சும்மா இருக்காமல் நான் செய்துவைத்த வேலையைக் காட்டினேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஐயா, உடம்புக்கு ஏதும் செய்யுதுங்களா?”

“ஒண்ணுமில்ல தம்பி” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஒரு மாசம்” என்றார்.

அவ்வளவுதான். திட்டவில்லை. மறுநாள் ராத்திரி ஆப்பைத் திரும்பச் செருகி, முதலிலிருந்து ஆரம்பித்தார். இடையில் பொறுக்காமல் எடுத்துப் பார்த்த ஒரு தட்டில் நட்சத்திரங்கள் எல்லாம் புழுக்களாக நெளிந்தன. மாமா அதைப் பார்த்துவிட்டு, பழைய பருப்பு டப்பாவைத் திறந்ததுபோல் முகம் சுளித்தார்.

மாசி மாதம் பாதியில், ஒரு சனிக்கிழமை, ஐயா “இன்னிக்கு எடுத்துரலாம்” என்று ஆள் அனுப்பினார். மிருகசீரிடத்துக்குக் கிழக்கே பால்வீதிக்குள் புகைபோல ஒரு திட்டு இருக்கிறதாம். கண்ணுக்கு அகப்படாது; தட்டில்தான் ஏறும். போட்டோப் பெட்டியைத் தொலைநோக்கியின் முதுகில் தோல்வாரால் கட்டினோம். ஐயா தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். உள்ளே சிலந்தி நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தார்; அந்த இரண்டு நூலும் வெட்டும் இடத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு திருகைத் திருப்பத் தொடங்கினார். என் வேலை பெட்டியின் மூடியைத் திறப்பதும், இரண்டு மணி நேரம் கழித்து மூடுவதும். (திறந்ததும் வாய்தவறி, “அசையாதீங்க, மூஞ்சியைச் சிரிச்சாப்ல வச்சுக்குங்க” என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். தொழில் பழக்கம்.)

குளிர் எலும்புக்குள் புகுந்தது. கீழே தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் யாரோ விடாமல் இருமிக்கொண்டிருந்தார்கள். ஐயா இடுப்பு ஒடியக் குனிந்து நின்றார். கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. அந்த மனிதர் மிச்சமிருந்த பார்வையை எல்லாம் அந்த ஒரு நட்சத்திரத்தின் மேல் செலவழித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு ஏதாவது உதவி செய்ய வேண்டும்போல் இருந்தது. என் கம்பிளியை எடுத்து அவர் முதுகில் போர்த்தலாம் என்று விரித்து வீசினேன். அதன் நுனி பீடத்தின் எடைக்குண்டில் மாட்டி இழுத்தது. பீடம் ஆடியது.

“போச்சுங்களா?” என்றேன்.

நட்சத்திரத்தைத் திரும்ப நூல் நடுவுக்குக் கொண்டுவர அவருக்குச் சில நிமிஷம் பிடித்தது. “இல்ல. புடிச்சிட்டேன்” என்றார். பிறகு, “படத்துல எல்லா நட்சத்திரத்துக்கும் ஒரே பக்கமா ஒரு சின்ன வால் இருக்கும். பரவால்ல, இருந்துட்டுப் போவுது. நீ தள்ளி உக்காரு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை. விடிந்ததும் இருவரும் மாட்டுவண்டியில் பதுளைக்கு இறங்கினோம். தட்டுக் கழுவும் மருந்தை நான்தான் கலக்கினேன். ராத்திரி முழுக்க விழித்த கண், அவசரம். தூள் நன்றாகக் கரைந்ததா என்று பார்க்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என் மூளை வேலை செய்த விதம் புரியும். இருட்டறைச் சிவப்பு விளக்கில் தட்டு மெல்ல மெல்லக் கறுத்து வந்தது. நூற்றுக்கணக்கில் புள்ளிகள். நடுவில், யாரோ ஊதிவிட்டுப் போன பீடிப் புகை மாதிரி, அந்தத் திட்டு. ஐயா தட்டை மூக்கோடு மூக்காக வைத்துப் பார்த்தார். அவர் பார்த்தது புகையைத்தான், புள்ளிகளை அல்ல. “வந்துருச்சு தம்பி” என்றார். புகை இன்னும் தெளிவாகத் தெரியட்டும் என்று மாமா தட்டைப் பாதரச மருந்தில் போட்டுக் கருமையை ஏற்றினார். காய்ந்ததும் ஐயா அதன் மூலையில் தேதியையும் நேரத்தையும் தன் அழகான கையெழுத்தில் எழுதினார்.

போகும்போது என்னிடம் தெளிவாகச் சொன்னார். “வெள்ளையா ஓட்டை இருந்தா அடைச்சிரு. கறுப்புப் புள்ளியில மட்டும் கை வச்சிராத. ஒவ்வொண்ணும் ஒரு நட்சத்திரம்.”

“வாலையாவது சீவி விட்டுறட்டுங்களா? ரெண்டு நாள் வேலைதான். ஒருத்தருக்கும் தெரியாது” என்றேன்.

“வேணாம் தம்பி. அது நம்ம பண்ணுன தப்பு. அதுவும் சேந்துதான் போகணும்.” என் கம்பிளி செய்த தப்பை அவர் ‘நம்ம’ தப்பு என்றார். படம் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று பார்த்துக்கொள்ள ஒரு நட்சத்திர வரைபடப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் புத்தகத்தை மட்டும் அவர் கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

இரண்டு நாள் நல்ல பிள்ளையாக ஓட்டைகளை அடைத்தேன். மூன்றாம் நாள் அடைக்க ஒன்றும் மிச்சமில்லை. கை அரித்தது. சும்மா இருக்கும் நேரத்தில் தட்டையும் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடத் தொடங்கினேன். வரைபடத்தில் பெரிய நட்சத்திரங்கள் மட்டும்தான் உண்டு. தட்டிலுள்ள பெரிய புள்ளிகளோடு அவை ஒன்றுக்கொன்று பொருந்தின. ஒரே ஓர் இடத்தில் மட்டும் இடித்தது. மூன்று நட்சத்திரங்கள் அடுப்புக்கல் வைத்தாற்போல் இருக்கும் இடம். வரைபடத்தில் அடுப்புக்கு நடுவில் ஒன்றுமில்லை. தட்டிலோ, நட்ட நடுவில் கன்னங்கரேலென்று ஒரு புள்ளி.

நான் யோசித்தேன். (எனக்கு யோசிக்க வரும் என்பதுதான் இந்தக் கதையில் பெரிய துன்பம்.) இவ்வளவு பெரிய நட்சத்திரத்தைச் சீமைக்காரர்கள் வரையாமல் விட்டிருப்பார்களா? மாட்டார்கள். அப்படியானால் இது கரையாத மருந்துத்தூள் ஒட்டிய கறை. மருந்தைக் கலக்கியது யார்? நான். மனிதர் கண்ணீர் வடித்து எடுத்த படத்தில் என் அவசரம் மை பூசியிருக்கிறது. இப்படியே போனால், இல்லாத நட்சத்திரத்தைக் காட்டுகிறான் என்று சங்கத்தில் அவரைக் கைகொட்டிச் சிரிப்பார்கள். பீடத்தை நிமிர்த்திய பாவத்துக்கும் கம்பிளி வீசிய பாவத்துக்கும் இதுதான் பரிகாரம் என்று முடிவு செய்தேன். பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கத்தி நுனியால் சுரண்டினேன். என் ஆயுளில் அவ்வளவு சுத்தமாக நான் வேறெதையும் எடுத்ததில்லை. சுற்றியிருந்த சின்னப் புள்ளிகளில் ஒன்றுகூடக் கலையவில்லை. ஐயாவிடம் சொல்லவில்லை. செய்த உதவியைச் சொல்லிக்காட்டுவது அழகில்லை என்று நினைத்தேன்.

படம் பிரிண்ட் போட்டுச் சீமைக்குப் போனது. தட்டு ஸ்டூடியோ அலமாரியிலேயே இருந்தது. பங்குனியில் மழை பிடித்துக்கொண்டது. ஐயாவின் மேடு மாதக்கணக்கில் மேகத்துக்குள் கிடந்தது.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயா ஸ்டூடியோவுக்கு ஓடிவந்தார். ஓடி என்றால் ஓடித்தான். படியில் ஒருமுறை தடுக்கியும் நிற்கவில்லை. ஒரு கையில் கற்கண்டுப் பொட்டலம், மறு கையில் பத்திரிகை. மாமாவின் வாயில் கற்கண்டைப் போட்டார். என் வாயிலும் போட்டார். பிறகு பத்திரிகையை மேஜையில் விரித்து ஓர் இடத்தில் விரலை வைத்தார். “படிங்க” என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் முதலில் பிடிபட்டது அவர் பெயர்தான். வைத்திலிங்கம், சிலோன். எழுத்துப் பிழைகூட இல்லை. மாமா கையைத் துடைத்துக்கொண்டு அதைத் தொட்டுப் பார்த்தார்.

“என்ன போட்டிருக்காங்க?” என்றார் மாமா.

“நாம எடுத்தோமே, அந்த எடத்துல புதுசா ஒரு நட்சத்திரம் எரிய ஆரம்பிச்சிருக்குதுங்க. இருந்தாப்ல இருந்து இந்த மாதிரி எப்பவாவது ஒண்ணு எரியும், சில மாசத்துல அணைஞ்சிரும். மாசிக் கடைசியில ஐரோப்பாவுல ஒருத்தர் கண்டுபுடிச்சிருக்காரு. அது எப்ப எரிய ஆரம்பிச்சதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. நாம அதுக்கு எட்டு நாளைக்கு முன்னாலயே படம் எடுத்து அனுப்பிட்டோம்ல? அதுல அந்த எடம் வெறுமனே இருக்காம். சிலோன் படம் ரொம்ப நேர்த்தியான படம், அதனால அந்த எட்டு நாளைக்குள்ளதான் எரிய ஆரம்பிச்சிருக்கணும்னு முடிவு கட்டிட்டாங்க.” மூச்சு வாங்கியது அவருக்கு. “நம்ம படத்தை வச்சுங்க.”

என் வாயில் இருந்த கற்கண்டு கரைய மறுத்தது. “எந்த எடத்துலங்க ஐயா?” என்று கேட்டேன்.

அவர் வரைபடத்தைத் திறந்தார். பென்சிலால் ஒரு கூட்டல் குறி போட்டிருந்தார். அடுப்புக்கல்லுக்கு நட்ட நடுவில்.

அந்த நிமிஷத்தில் ஊவா மாகாணத்திலேயே சந்தோஷமான மனிதர் அவர்தான். அந்தச் சந்தோஷம் முழுக்கப் பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் சாகும்வரை அந்தப் பத்திரிகையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியிருப்பார். நேர்மை பொங்கி வந்து உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் பொங்கவில்லை. “தட்டைக் குடு தம்பி, வெளிச்சத்துல வச்சு அந்த வெறும் எடத்தை ஒரு தடவை பாத்துக்கிறேன்” என்றார் அவர். வெளிச்சத்தில் பிடித்தால் கத்தி பட்ட இடம் பளிச்சென்று தெரிந்துவிடும். அந்தப் பயத்தில் சொன்னேன்.

“ஐயா, அங்க ஒரு புள்ளி இருந்துச்சுங்க. வரைபடத்துல இல்லையேன்னு நான்தான் சுரண்டிட்டேன்.”

ஆனி மாதக் காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்தது. மாமா போய் அதைச் சாத்திவிட்டு வந்தார்.

“மருந்துக் கறையா இருக்கும்னு நெனச்சேங்க” என்றேன்.

“அந்தப் புள்ளிக்கு வால் இருந்துச்சா?” என்று கேட்டார்.

பீடம் ஆடியபோது பெட்டிக்குள் இருந்த தட்டில் நட்சத்திர வெளிச்சத்துக்கு மட்டும்தான் வால் விழும். பிறகு இருட்டறையில் ஒட்டிய தூளுக்கு வால் விழாது. அது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. அந்தப் புள்ளியைப் பூதக்கண்ணாடியில் ஒரு முழு நிமிஷம் பார்த்தவன் நான்.

“இருந்துச்சுங்க. மத்ததுக்கு மாதிரியே. அதே பக்கம்.”

“அப்ப எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு” என்றார். “அவங்களுக்கு எட்டு நாளைக்கு முன்னால, நம்மகிட்ட இருந்துச்சு.”

மாமாதான் முதலில் சமாளித்தார். “விட்டுறுங்க ஐயா. பேரு வந்துருச்சு. இங்க இருக்கிற மூணு பேரைத் தவிர எவனுக்குத் தெரியப் போவுது?” என்றார்.

நான் இன்னும் ஒருபடி மேலே போனேன். “நான் பென்சில்ல திரும்ப வச்சிடுறேங்க. அதே எடத்துல, அதே அளவுல, வாலோட. அரை நிமிஷ வேலை. வேற பிரிண்ட் போட்டு அனுப்பிரலாம். அப்ப நீங்கதான் முதல்ல கண்டவர்னு ஆயிரும்.”

அவர் யோசித்தார். யோசிக்கவில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். பத்திரிகையில் தன் பெயர் இருந்த வரியை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் பென்சிலைச் சீவிக்கூட வைத்துவிட்டேன். கடைசியில் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

“நீ வைக்கிறது உன் புள்ளி தம்பி. அது நட்சத்திரம் ஆகாது.” எழுதத் தாள் கேட்டார். “எரிஞ்ச ஒண்ணை எரியலைன்னு எம்பேரைச் சொல்லி அச்சடிச்சிட்டாங்க. அது அப்படியே நிக்கப்படாது.”

எங்கள் மேஜையிலேயே உட்கார்ந்து கடிதம் எழுதினார். எழுதியதை எனக்குத் தமிழில் சொன்னார். தட்டில் அந்த இடத்தில் நட்சத்திரம் இருந்தது, எங்கள் கவனக்குறைவால் அழிக்கப்பட்டது, படத்தை நம்ப வேண்டாம். அதிலும் ‘எங்கள்’ என்றுதான் எழுதியிருந்தார். நான் அழுதேன். மாமா என்னைப் பார்த்து, “அழுது என்னடா, அதையும் ஒழுங்காத் தொடச்சுக்க” என்றார்.

நாலு மாதம் கழித்து அவர் பெயர் இரண்டாம் தடவை அச்சில் வந்தது. சிலோன் வைத்திலிங்கம் அனுப்பிய படம் கைவைக்கப்பட்டது என்று அவரே ஒப்புக்கொண்டிருப்பதால் அதைத் தள்ளிவிட வேண்டியது. அழிந்துபோன புள்ளியைப் பற்றி அவர் சொல்வதை ஏற்க வழியில்லை. அவ்வளவுதான், இரண்டு வரி. சங்கத்தைக் குற்றம் சொல்ல முடியாது. நானே அந்த இடத்தில் இருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன். அதற்குள் அந்த நட்சத்திரமும் மங்கி அணைந்துபோயிருந்தது. ஐயா வேறு படம் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்ன இரண்டு வருஷம்கூட அவர் கண் தாங்கவில்லை.

தோட்ட வேலையை விட்ட பிறகு அவர் பதுளையில் மகள் வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது கையைப் பிடித்து ஸ்டூடியோவுக்குக் கூட்டிவருவார்கள். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசுவார். பிறகு, “தம்பி, அந்தத் தட்டை எடு” என்பார். எடுப்பேன். “வெளிச்சத்துல புடி. ஓட்டை தெரியுதா?”

“தெரியுதுங்க ஐயா.”

“அங்கதான் இருந்துச்சு” என்பார். பிறகு டீ குடிப்பார். ஐந்தாறு வருஷம் இது நடந்தது. ஒரு நாளாவது அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் திட்டாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது பதுளைக்கு ரயில் வந்துவிட்டது, எனக்கு மூன்று பிள்ளைகள். வீட்டில் அரிசியில் கல் பொறுக்க என்னை விடமாட்டார்கள். “அவரை விட்டா அரிசியை எறிஞ்சுட்டுக் கல்லைப் பானையில போட்டுருவாரு” என்பாள் என் மனைவி, விருந்தாளிகள் முன்னாலேயே. அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. தட்டில் வைத்த வடை காணாமல் போனாலும், கொடியில் காயப்போட்ட துண்டு காற்றில் போனாலும், என் சின்ன மகள் கையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணை இடுக்கி, நடுங்கும் கிழக்குரலில், “அங்கதான் இருந்துச்சு” என்பாள். வீடே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். அவள் ஐயாவைப் பார்த்ததே இல்லை. அந்தக் குரலில் பேசிக்காட்டி முதன்முதலில் வீட்டைச் சிரிக்க வைத்தவன் நான்தான்.